வங்காள விரிகுடா: கிரேஸ் தரவில் வளிமண்டலத்தைத் திரும்பக் கூட்ட வேண்டுமா?

கடலடி கேட்டது:

அல்டிமீட்டர் (செயற்கைக்கோள் உயரமானி) தரும் கடல்மட்டத்திலிருந்து, புவியீர்ப்பை அளக்கும் கிரேஸ் இணைச் செயற்கைக்கோள்கள் தரும் நீர்நிறையைக் கழித்து, வங்காள விரிகுடாவில் வெப்பமும் உப்பும் சேர்ந்து உண்டாக்கும் மட்ட மாற்றத்தைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறேன். கடலுக்குள் வெப்பமும் உப்பும் அளக்கும் ஆர்கோ மிதவைகளோடு வைத்துப் பார்த்தால் ஆண்டுச் சுழற்சி பொருந்தவில்லை. எடுத்தது 6ஆம் வெளியீட்டு ஜிஎஸ்எம் (வளிமண்டலமும் கடலசைவும் கழித்த மாத ஈர்ப்புப் புலக் கோப்பு), கோள ஒத்திசைக் குணகங்களின் 60ஆம் படி வரை (படி கூடினால் நுணுக்கம் கூடும்). அதோடு ஜிஏசியை (கழித்த வளிமண்டலம், கடல் இரண்டின் மாதச் சராசரி) கூட்டி, பூமியின் தட்டைத்தன்மையைக் காட்டும் சி20 குணகத்தை மாற்றி, தரவில் பிழையாகப் படியும் கோடுகளை நீக்கி, 300 கி.மீ. காஸியன் வடிகட்டி போட்டு மென்மையாக்கினேன். ஏற்கெனவே கழித்துவிட்ட வளிமண்டலத்தை நாமே திரும்பக் கூட்டுவது சரிதானா?

பாரமானி:

கூட்டத்தான் வேண்டும். ஆனால் ஜிஏசியை அல்ல, கடலடி அழுத்தம் மட்டும் உள்ள ஜிஏடி கோப்பை.

முதலில் ஏன் கழிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். 1 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் என்பது ஏறக்குறைய 1 செ.மீ. நீரின் எடை. நடு அட்சரேகையில் ஒரு தாழ்வழுத்தம் கடக்கும்போது இரண்டே நாளில் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கி ஏறும். வடமேற்கு இந்தியாவில் நிலத்தடி நீர் குறைவதாக 2009இல் வெளியான கிரேஸ் ஆய்வு சொன்ன அளவோ ஆண்டுக்கு 4 செ.மீ. இந்த இணைச் செயற்கைக்கோள்கள் பூமியை நெருக்கமாக அளந்து முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் வந்துபோகும் புயல்களைச் சுற்றுப்பாதைக் கணக்கின்போதே கழிக்காவிட்டால், அவை மாதச் சராசரியில் கரைந்துபோகாது. வடக்கு தெற்கான கோடுகளாக உலகமெங்கும் படியும். அதற்காகத்தான் போட்ஸ்டாமின் ஜிஎஃப்இசட் நிறுவனம் ஏஓடி1பி மாதிரியைத் தருகிறது. 6ஆம் வெளியீட்டில் அது 3 மணிநேரத்துக்கு ஒருமுறை, 180ஆம் படி வரை.

அந்த மாதிரியில் வளிமண்டலம் மட்டுமல்ல, வீசும் காற்றும் அழுத்தமும் அசைக்கும் கடலும் இருக்கிறது. ஆகவே ஜிஎஸ்எம்மை மட்டும் கடலில் பயன்படுத்தினால் கடலின் அசைவில் பெரும்பகுதி போய்விடும். ஜிஏடியில் அந்தக் கடலடி அழுத்தம் இருக்கும். நிலத்தில் அதன் மதிப்பு சுழியம். ஜிஏசியில் நிலத்தின் மேலுள்ள காற்றும் சேர்ந்தே வரும். 300 கி.மீ. வடிகட்டி அதை இந்தியா, மியான்மர் கரைகளிலிருந்து கடலுக்குள் இழுத்துவிடும்.

குணகம்60:

வரிசையும் தவறு. சி20க்கு மாற்றாக டிஎன்-14, முதல் படிக் குணகங்களுக்கு (புவியின் நிறைமைய நகர்வு) டிஎன்-13 என்ற தொழில்நுட்பக் குறிப்புக் கோப்புகள்: இரண்டும் ஜிஎஸ்எம்மைப் போலவே வளிமண்டலமும் கடலும் கழிக்கப்பட்ட மதிப்புகள். ஜிஏசியைக் கூட்டிய பிறகு சி20ஐ மாற்றியதால், கூட்டியதில் இருந்த சி20 பங்கு அழிந்துவிட்டது. ஜிஎஸ்எம்மில் முதலில் மாற்றுங்கள். கிரேஸுக்கு அடுத்து வந்த கிரேஸ்-எஃப்ஓ மாதங்களுக்கு சி30 குணகத்தையும் மாற்ற வேண்டும். பிறகு பனியுக நிலவெழுச்சித் திருத்தம் (பழைய பனிப்பாளங்கள் உருகியதால் நிலம் மெல்ல எழுவதைக் கழிப்பது), அதன் பின் கோடு நீக்கம். இவ்வளவும் ஜிஎஸ்எம்முக்கு மட்டுமே. ஜிஏடி மாதிரியிலிருந்து வருவது. அதில் கோடுகளே இல்லை. கோடு நீக்கும் வடிகட்டியில் அதை விட்டால் உண்மையான சமிக்ஞைதான் வெட்டுப்படும். கடைசியில் ஜிஏடியைக் கூட்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே காஸியன்.

ஜிஏடியை எந்தக் காலத்துச் சராசரியிலிருந்து விலகலாக எடுக்கிறீர்களோ, ஜிஎஸ்எம்முக்கும் அதே காலம்தான். இஆர்ஏ5 வானிலை மறுபகுப்பாய்வுத் தரவிலிருந்து நாமே மாதச் சராசரி போட்டு ஜிஏடிக்குப் பதிலாக வைப்பதும் வேண்டாம். ஜிஎஸ்எம் கோப்பு பல மாதங்களில் 1ஆம் தேதி தொடங்கி 30இல் முடிவதில்லை. ஜிஏடியை அதே நாட்களுக்குத்தான் சராசரி எடுத்திருப்பார்கள்.

பாரமானி:

ஆண்டுச் சுழற்சி விலகலுக்கு இன்னொரு காரணம் உண்டு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஓரிடத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் கடல் 1 செ.மீ. தாழ்ந்து ஈடுகட்டும், கடலடியில் மாற்றம் தெரியாது. ஆனால் உலகக் கடல் முழுவதன் மேலும் சராசரி அழுத்தம் ஏறினால், நீர் ஒதுங்கிப்போக இடமில்லை. மட்டம் அசையாது, அடியில் மட்டும் எடை கூடும். வட அரைக்கோளக் குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் காற்று குவிவதால் இந்தச் சராசரி ஒவ்வோர் ஆண்டும் ஏறி இறங்குகிறது. அல்டிமீட்டருக்கு இது தெரியாது, ஜிஎஸ்எம்+ஜிஏடிக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஜிஏடியின் உலகக் கடல் சராசரியைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டுத்தான் அல்டிமீட்டரோடு ஒப்பிட வேண்டும். கடலடி அழுத்தமானியோடு ஒப்பிடும்போது கழிக்கக் கூடாது. அது காற்றின் எடையையும் சேர்த்தே அளக்கிறது.

கடலடி:

நன்றி, தெளிவாகிவிட்டது. மாஸ்கான் (பூமியைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் நிறை மாற்றத்தைத் தரும்) தரவுக்கும் இதே வழிதானா? பழைய 5ஆம் வெளியீட்டுத் தொடரில் திபெத் பக்கம் 2010 தொடக்கத்தில் ஒரு திடீர்த் தாவல் தெரிகிறதே, அது என்ன?

குணகம்60:

சிஎஸ்ஆர், ஜேபிஎல் ஆகிய தரவு மையங்களின் மாஸ்கான்களில் கடல்மேல் ஜிஏடியை ஏற்கெனவே கூட்டித்தான் தருகிறார்கள். மறுபடி கூட்டினால் இரட்டிப்பாகும். கோப்பின் தலைப்பு விவரத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

2010 தாவல் நீரல்ல. ஐரோப்பிய வானிலை மையமான இசிஎம்டபிள்யூஎஃப் அந்த ஜனவரியில் மாதிரியின் நுணுக்கத்தைக் கூட்டியது. மலைகளின் உயரம் மாதிரிக்குள் மாறியது. கடல்மட்டத்தருகே 8 மீட்டர் உயர வேறுபாடே 1 ஹெக்டோபாஸ்கல். மலைப்பகுதியில் மாதிரியின் தரை உயரம் சில பத்து மீட்டர் மாறினால் செ.மீ. கணக்கில் பொய்யான நீர் தோன்றும். 2006இலும் இப்படி ஒரு தாவல் உண்டு. 5ஆம் வெளியீட்டில் 2006க்கு ஜிஏஇ, 2010க்கு ஜிஏஎஃப் என்று திருத்தக் கோப்புகள் வந்தன. 6ஆம் வெளியீட்டில் அழுத்தத்தை ஒரே நில உயரத்துக்கு மாற்றியே கணக்கிடுகிறார்கள்; அங்கே இந்தக் கோப்புகளைச் சேர்த்தால் தவறு.

அலைமானி:

போக்குக் கோடு பொருத்தும்போது ஆண்டு, அரையாண்டுச் சுழற்சிகளோடு 161 நாள் சைன், கொசைன் உறுப்புகளையும் சேருங்கள். 12 மணிநேர எஸ்2 ஓத அலையில் மிஞ்சும் பிழை கிரேஸ் தரவில் அந்தக் காலத்தில்தான் தலைகாட்டும். விட்டால் அரையாண்டுச் சுழற்சிக்குள் போய்க் கலக்கும். 5ஆம் வெளியீட்டு மாதிரி 6 மணிநேரத்துக்கு ஒருமுறைதான். 12 மணிநேர அலைக்கு அது விளிம்பு நிலை.

விரிகுடாவின் வடபகுதியை நம்பாதீர்கள். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியில் பருவமழை தேக்கும் நீர் கடலின் சமிக்ஞையைவிடப் பல மடங்கு பெரிது, 300 கி.மீ. வடிகட்டியில் அது நேராகக் கடலுக்குள் கசியும். கரையிலிருந்து 300 கி.மீ. விட்டுப் பார்த்தால் வடக்கே மிச்சம் ஒன்றும் இருக்காது. 15 பாகை வடக்குக்குக் கீழே, இருபுறக் கரைகளையும் விட்டு, நடுக்கடலை மட்டும் எடுத்து முதலில் ஆர்கோவோடு ஒப்பிடுங்கள்.