எஞ்சின் சூடாகுது, நாளைக்கு யுகல்டா தாண்டணும். உதவி தேவை!

கரைவலை77
அவசரம். கனடா மேற்குக் கரையில, பிரிடோ ஹேவனில போட்டை நங்கூரம் போட்டு நிக்கிறம், நாலு பேர். எஞ்சின் சூடாகி அலாரம் அடிக்குது. ஸ்ட்ரெய்னர் (கடல்தண்ணி வடிகட்டி) கழுவியாச்சு, அப்பவும் அப்படித்தான். நாளைக்கு யுகல்டா ரேபிட்ஸ் (கடல்நீர் வேகமா ஓடுற ஒடுக்கம்) தாண்டி ஜான்ஸ்டோன் ஸ்ட்ரெய்ட் பக்கம் போகணும். என்ன செய்யலாம்? சிக்னல் விட்டு விட்டுத்தான் வருது.

சுக்கான்
என்ன எஞ்சின்? எந்த ஆர்பிஎம்மில் அடிக்குது? பின்னால் எக்ஸாஸ்டில் தண்ணி வழக்கம்போல வருதா? கூலன்ட் (எஞ்சினுக்குள் சுத்துற குளிரூட்டி) மட்டம் பார்த்தீங்களா?

டீசல்தம்பி
தெர்மோஸ்டாட்தான் (சூடானா கூலன்ட்டுக்கு வழி திறக்கிற வால்வு), வேறொண்ணும் இல்லை. கழற்றி ஒரு சட்டித் தண்ணியில் போட்டு அடுப்பில் வைங்க. அதில் பொறிச்சிருக்கிற டிகிரியில் திறக்க ஆரம்பிக்கணும். திறக்கலைன்னா அதை எடுத்துட்டே ஓட்டுங்க.

வடகரை
எடுத்துட்டு ஓட்டச் சொல்லாதீங்க தம்பி. பைபாஸ் உள்ள எஞ்சினில் தெர்மோஸ்டாட் இல்லாட்டி கூலன்ட் குறுக்கு வழியில் சுத்தும், சூடு இன்னும் ஏறும். எனக்குச் சந்தேகம் எக்ஸாஸ்ட் மிக்ஸிங் எல்போ (புகையும் கடல்தண்ணியும் கலக்கிற வளைகுழாய்) மேலதான். உள்ளே கரியும் உப்பும் படிஞ்சு துவாரம் சின்னதாகிடும்.

சுக்கான்
எஞ்சின் எதுன்னே இன்னும் தெரியலை. கரைவலை, முதல்ல அதைச் சொல்லுங்க.

கரைவலை77
யன்மார் 4ஜேஹெச்4ஏஈ. ஐடிலில 80 டிகிரி. 1800 தாண்டினா மெல்ல ஏறி 95 கிட்ட அலாரம். கூலன்ட் குறையேல்ல. பின்னால வெள்ளை ஆவி, தண்ணி குறைவா வாற மாதிரி இருக்கு.

பழைய_மாலுமி
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை ஊகத்துக்கு வேலையே இல்லை. எஞ்சின் கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், நீங்கள் நிற்கிற டெசொலேஷன் சவுண்டுக்குக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் கூடுகிறார்கள். கூலன்ட் சரி, ஆவி வருகிறது, தண்ணீர் குறைவு என்றால் கோளாறு கடல்தண்ணீர்ப் பக்கம். தெர்மோஸ்டாட்டைத் தொடாதீர்கள்.

ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதிப்படவும் வேண்டாம். அந்தக் குடாக்களில் கோடையில் ஜெல்லிமீன் கூட்டமாக வரும். போட்டுக்கு வெளியே உறிஞ்சும் வாயிலேயே ஒன்று ஒட்டிக்கொண்டால் ஸ்ட்ரெய்னருக்குள் எதுவும் வந்து சேராது. சீகாக்கை (கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வை) மூடி, ஸ்ட்ரெய்னருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அதன் முனையை நீர்மட்டத்துக்குக் கீழே வாளிக்குள் பிடித்துக்கொண்டு சீகாக்கைத் திறங்கள். தண்ணீர் பீறிட்டு வர வேண்டும். ஒழுகினால் அடைப்பு. டிங்கிக்குக் காற்றடிக்கும் பம்பை அதே ஹோஸில் வைத்து வெளிப்பக்கமாக ஊதித் தள்ளுங்கள்.

நன்றாக வந்தால் கோளாறு இம்பெல்லரில், அதாவது கடல்தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரத்தில். சீகாக்கை மூடிவிட்டு பம்பின் மூடியைக் கழற்றுங்கள். திருகுகள் சின்னவை, கீழே ஒரு துணி விரியுங்கள். இம்பெல்லரை வெளியே எடுத்து ஒவ்வொரு இறக்கையையும் அடியில் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். புதியதைப் போடும்போது பாத்திரம் கழுவும் திரவம் தடவினால் போதும், கிரீஸ் கூடாது. பழையதன் இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருந்தனவோ அதே பக்கம். ஸ்டார்ட் செய்யுமுன் சீகாக் திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

வடகரை
ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) பாருங்க. கழுவிட்டு மூடும்போது நூல் அளவு பாசி சிக்கினாலும் பம்ப் காத்தை இழுக்கும்.

டீசல்தம்பி
யுகல்டா வேண்டாம்னா சீமோர் நேரோஸ் ஒடுக்கம் வழியா போகலாமே? அகலமான வழி. ஹை டைட் நேரத்துக்குப் போனா நீரோட்டம் நிக்கும்.

சுக்கான்
அது தப்பு, தம்பி. ஹை டைடும் நீரோட்டம் நிக்கிற நேரமும் ஒண்ணில்லை. நீரோட்ட அட்டவணை தனி. அங்கே தண்ணிக்கடியில் இருந்த ரிப்பிள் ராக் பாறையை 1958ல வெடிவச்சுத் தகர்த்தாச்சு, ஆனா சீமோரில் ஓட்டம் இன்னும் 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வரைக்கும் போகும். 1800க்கு மேல ஓட முடியாத எஞ்சினோட அங்கே என்ன வேலை?

டீசல்தம்பி
ஸ்லாக்கில் (நீரோட்டம் நிக்கிற நேரத்தில்) சீமோர் குளம் மாதிரி இருக்கும்னுதான் சொன்னேன்.

வடகரை
எத்தனை நிமிஷத்துக்கு? யுகல்டாவிலயும் வடக்கே போறவங்க பெருக்கு (கடல் ஏறுற ஓட்டம்) முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேரணும். அப்பத்தான் அடுத்து வர்ற டென்ட் ரேபிட்ஸைத் தண்ணி நிக்கிற நேரத்துக்குத் தாண்டலாம், அதுக்கப்புறம் வற்று (கடல் இறங்குற ஓட்டம்) வடக்கே தள்ளிக்கொண்டு போகும். அட்டவணை நிலை நேரத்தில் (கோடைக்காக ஒரு மணி முன்னே தள்ளாத நேரம்) அச்சாகியிருந்தா ஒரு மணி கூட்ட மறக்காதீங்க.

பழைய_மாலுமி
எஞ்சின் சரியாகும்வரை எந்த ரேபிட்ஸும் இல்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கரைவலை77
இம்பெல்லர்தான். ரெண்டு இறக்கை இல்லை. புதுசு போட்டாச்சு, 2400ல 82. எல்லாருக்கும் நன்றி. காலமை வெளிக்கிடுறம்.

சுக்கான்
பிஞ்ச ரெண்டு துண்டும் கிடைச்சுதா? இல்லாட்டி பம்பிலிருந்து போற ஹோஸைக் கழற்றி, ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்தண்ணி கூலன்ட்டைக் குளிர வைக்கிற பாகம்) மூடியையும் திறந்து பாருங்க. துண்டு அந்தக் குழாய் வாயிலதான் போய் நிக்கும், ஃபுல் லோடில மறுபடி சூடாகும். நங்கூரத்தில் நின்னு நியூட்ரலில் 2400 ஓட்டினா லோட் தெரியாது. கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டு யுகல்டா போங்க.

வடகரை
கரைவலை, இதைப் பார்த்தீங்களா?