கயிறும் சங்கிலியும் சேரும் இடத்தில் கயிறு நைகிறது, உடனே உதவி தேவை

நெய்தலான்:
வணக்கம். நங்கூரச் சங்கிலியோடு கயிறு சேரும் இடத்தில் கயிறு நைந்துகொண்டே இருக்கிறது. வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினாலும் அதே கதைதான். இப்போது ஒரு புரி பஞ்சாகப் பிரிந்து நிற்கிறது. துருக்கறை வேறு. வார இறுதியில் படகை எடுக்க வேண்டும். எதைப் போட்டு இணைப்பது?

அலைவாயன்:
படகின் நீளம் என்ன? சங்கிலியின் கனம்? கயிறு நைலானா, பாலிப்ரொப்பிலீனா? முடிச்சா, பின்னலா? ஒன்றுமே சொல்லவில்லையே.

சுறாமுள்:
ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடவில்லை அல்லவா? அதுதான் காரணம். மூன்று புரிக் கயிற்றில் இழுவை ஏறினால் முறுக்கு அவிழப் பார்க்கும். அந்த முறுக்கு போக வழியில்லாமல் இணைப்பிலேயே தேய்கிறது. ஸ்விவல் ஒன்று போடுங்கள், தீர்ந்தது.

மூத்த மாலுமி:
இதெல்லாம் நங்கூரத்தைத் தொடுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. கயிற்றின் நுனியில் உலோகத் திம்பிளை (கயிறு தேயாமல் காக்கும் பள்ளமான வளையம்) வைத்து, அதைச் சுற்றிக் கண் போல வளையமாகப் பின்னுங்கள். அதைச் சங்கிலியோடு ஷாக்கிளால் (திருகாணியால் மூடும் U வடிவ இணைப்பு) இணையுங்கள். திருகாணியை முழுதாக இறுக்கி, அது கழலாதபடி கம்பி சுற்றிக் கட்டுங்கள். சங்கிலி துத்தநாகம் பூசியதென்றால் ஷாக்கிளும் அப்படியே இருக்கட்டும். உப்புநீரில் துருப்பிடிக்காத எஃகைப் பக்கத்தில் வைத்தால் துத்தநாகம்தான் முதலில் கரையும். இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நெய்தலான்:
9 மீட்டர் படகு. 8 மி.மீ. சங்கிலி, 14 மி.மீ. மூன்று புரி நைலான். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் போலைன் முடிச்சு. ஷாக்கிள் வாங்கி வந்துவிட்டேன், மாட்டினால் நங்கூரத்தை இழுத்தேற்றும் விஞ்ச் சக்கரத்தில் சிக்குகிறது.

கழிமுகம்:
விஞ்சா? அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் நண்பரே. கையால் இழுப்பவருக்கு மூத்த மாலுமி சொன்னது முற்றிலும் சரி. சங்கிலியும் கயிறும் ஒரே சக்கரத்தில் ஏறும் விஞ்ச் என்றால் திம்பிளும் ஷாக்கிளும் அதில் நுழையாது. கயிற்றைச் சங்கிலியிலேயே பின்ன வேண்டும்.

நைந்த பகுதியைத் தாண்டி நல்ல கயிற்றில் வெட்டுங்கள். புரிகளைப் பிரித்து, பிரிவு நிற்க வேண்டிய இடத்தில் டேப் சுற்றுங்கள். கடைசிக் கண்ணிக்குள் இரண்டு புரிகளை ஒரு பக்கத்திலிருந்தும் மூன்றாவதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் செலுத்தி, கண்ணியோடு ஒட்டும்வரை இழுத்துவிட்டு, கயிற்றுக்குள்ளேயே திருப்பிப் பின்னுங்கள். நைலான் வழுக்கும், ஐந்து சுற்றுக்குக் குறைக்காதீர்கள். கடைசிச் சுற்றுகளில் புரியை மெலிதாக்கினால் சக்கரத்தில் திக்காமல் ஏறும்.

கடைசிக் கண்ணியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். துத்தநாகம் போய்ச் சொரசொரப்பாக இருந்தால் அது அரம் போலவே கயிற்றை அறுக்கும். அந்தத் துருக்கறை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நல்ல கண்ணி வரும்வரை வெட்டி எறியுங்கள். பின்னல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஆகவே பிறகும் அந்த இடத்தை அடிக்கடி பார்த்தபடி இருங்கள்.

சுறாமுள்:
எல்லாம் சரி, ஸ்விவல் இல்லாமல் முறுக்கு எங்கே போகும்? நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவிலாவது போடட்டும்.

மூத்த மாலுமி:
நங்கூரத் தண்டில் நேராக ஸ்விவல் மாட்டுவது ஆபத்து. காற்று திரும்பிப் படகு பக்கவாட்டில் இழுக்கும்போது அதன் கவைகள் வளையும். நேர் இழுவைக்குச் செய்த பொருள் அது. கட்டாயம் வேண்டுமென்றால் இடையில் சில கண்ணிகள் விட்டு மாட்டுங்கள். முறுக்கைச் சங்கிலியே தாங்கிக்கொள்ளும், நங்கூரம் மேலே வந்ததும் தானாக அவிழும்.

சுறாமுள்:
என் படகில் பல ஆண்டுகளாக நேராகத்தான் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

மூத்த மாலுமி:
ஒன்றும் ஆகாத வரை எதுவும் ஆகாதுதான்.

அலைவாயன்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். நெய்தலான், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு கயிறு விடுகிறீர்கள்? 5 மீட்டர் ஆழம், அணியம் (படகின் முன்முனை) நீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் கணக்கு 6 மீட்டருக்குத்தான். கயிறும் சங்கிலியும் கலந்த அமைப்பில் அதைப் போல் ஏழு மடங்கு, அதாவது 42 மீட்டர் விடுவது நல்லது. ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும் இடமானால் அந்த உயரத்தையும் சேருங்கள். குறைவாக விட்டால் சங்கிலி தரையை விட்டு எழும், ஒவ்வொரு அலைக்கும் வெட்டி இழுக்கும் அடி உங்கள் இணைப்பில்தான் விழும்.

சுறாமுள்:
முழுச் சங்கிலியாகவே போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கழிமுகம்:
9 மீட்டர் படகின் அணியத்தில் அத்தனை எடையை ஏற்றினால் மூக்கு அமிழும். சங்கிலிக்கு நைலானைப் போல நீண்டு கொடுக்கவும் தெரியாது. முழுச் சங்கிலி போடுபவர்களும் அதிர்ச்சியைத் தாங்க நைலான் துண்டு ஒன்றைக் கட்டத்தான் செய்கிறார்கள்.

நெய்தலான்:
மூன்று கண்ணிகளை வெட்டிவிட்டுப் பின்னிவிட்டேன். சக்கரத்தில் சிக்காமல் ஏறுகிறது. கழிமுகம் அண்ணாவுக்கு நன்றி.

கழிமுகம்:
மகிழ்ச்சி. கயிற்றின் மறுமுனை படகுக்குள் எதில் கட்டியிருக்கிறது? எடை தாங்கும் வளையத்தில், நெருக்கடியில் கத்தியால் அறுக்கும்படி இருக்க வேண்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

அலைவாயன்:
நெய்தலான், பதிலைக் காணோமே?