அரிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மதிப்பு எண்ணிக்கையில் இருக்கிறதா, வரலாற்றில் இருக்கிறதா?

நெடுஞ்சாலை (கேள்வி)

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆனாலும் ஒரு கேள்விக்கு மனநிறைவான விடை கிடைக்கவில்லை. 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ கார்களில் ஒன்று, 2018-இல் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலைபோனது. இரண்டே இரண்டு செய்யப்பட்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலென்ஹாட் கூபேயில் ஒன்றை, 2022-இல் ஒருவர் 13.5 கோடி யூரோ கொடுத்து வாங்கினார். எண்ணிக்கை குறைவாக இருப்பதே இதற்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் டொயோட்டா 2000ஜிடி 351 மட்டுமே செய்யப்பட்டது. மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் கொண்ட மெர்சிடிஸ் 300 எஸ்எல் 'கல்விங்' காரோ 1,400 செய்யப்பட்டது. அப்படியிருந்தும் கல்விங்கின் விலை டொயோட்டாவின் விலைக்குக் கீழே போய்விடவில்லை. மேலும், அசலின் அளவு பிசகாமல், அதே வகை அலுமினியத் தகட்டில் தேர்ந்த கைகளால் செய்யப்படும் நகல் ஒன்று, அசலின் விலையில் சிறு பங்கைக்கூடப் பெறுவதில்லை. அப்படியானால் சேகரிப்பாளர் உண்மையில் எதைத்தான் வாங்குகிறார்?

மூன்றாவது கியர்

எண்ணிக்கை எப்படிக் குறைந்தது என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஜிடி பந்தயப் பிரிவில் ஒரு கார் ஓட வேண்டுமானால் 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஃபெராரி தனது ஜிடிஓவை முந்தைய 250 ஜிடி காரின் வளர்ச்சி என்று காட்டி ஒப்புதல் பெற்றது. பந்தயத்துக்கு வேண்டிய அளவே செய்தது. வாங்க வந்தவர்களையும் நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் ஒப்புதல் பெற்ற பிறகே ஏற்றுக்கொண்டது. ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ்ஸின் கதை வேறு. விற்காமல் எஞ்சிய டி-டைப் பந்தயக் கார்களைச் சாலைக்கு ஏற்றபடி மாற்றி 25 கார்கள் செய்வதாக இருந்தார்கள். 1957 பிப்ரவரியில் தொழிற்சாலையில் பற்றிய தீயில் 9 கார்கள் அழிந்துபோக, 16 மட்டுமே மிஞ்சின. ஆகவே எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அந்த நிகழ்ச்சியோடு தொடர்புள்ள பொருளைத்தான் சேகரிப்பாளர் தேடுகிறார்.

கல்விங்குக்கு வேறொரு வலிமையும் உண்டு. 1927 முதல் 1957 வரை இத்தாலியில் நடந்த மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஓடிய மாடல்களுக்கே, இன்று அதே பெயரில் நடக்கும் பயணத்தில் இடம் கிடைக்கும். 300 எஸ்எல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 1967-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா இருக்க வழியில்லை. கார் எந்தச் சாலையில் ஓட அனுமதிக்கப்படுகிறது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது.

தகட்டு வேலைக்காரர்

இருபது ஆண்டுகளாகப் பழைய கார்களின் உடற்பகுதியைச் சீர்செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தக் காலத்து இத்தாலியத் தகடுகள் கையால் அடித்து வளைக்கப்பட்டவை. அளந்து பார்த்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுமையாக ஒத்துப்போகாது. செய்தவரின் கையெழுத்தைப் போன்ற அந்த வேறுபாட்டை நேராக்கிவிட்டால், அழகான கார் ஒன்று கிடைக்கும். அதைச் செய்தவரின் தடம் காணாமல் போய்விடும். நல்ல நோக்கத்தோடு அளவுக்கு மீறிப் பளபளப்பாக்கப்பட்ட கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் கிடந்த பையோன் குடும்பத்துக் கார்கள், 2015-இல் பாரிஸில் தூசி படிந்த நிலையிலேயே ஏலத்துக்கு வந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவுக்கும் மேல் போனது. மூல பெயின்ட்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் அது திரும்பி வராது என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

கல்விங்கின் கதவையும் நினைத்துப் பாருங்கள். அதன் குழாய்ச் சட்டகம் பக்கவாட்டில் மிக உயரமாக இருந்ததால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை. எனவே மேல்நோக்கித் திறக்கும்படி வைத்தார்கள். தேவையிலிருந்து பிறந்த வடிவம் என்பதால்தான் அது இன்றும் சலிக்கவில்லை.

பழைய ஏடு

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் மூலப் பாகங்கள் மட்டுமே அடையாளம் என்று கொண்டால் ஒரு சிக்கல் எழும். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் இதற்குத் தக்க சான்று. அதன் எஞ்சின் மாறியது, உடல் மாறியது, 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் பெரும் விபத்துக்குள்ளாகி மீண்டும் கட்டப்பட்டது. பின்னாளில் விற்பனை பேசப்பட்டபோது, அது அசல்தானா என்ற வழக்கு இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வென்ற நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருந்தாலும், அதன் வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்து வந்திருப்பதால் அதுவே உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் என்று 1990-இல் தீர்ப்பு வந்தது. நகலில் இல்லாதது இந்தத் தொடர்ச்சிதான். ஆகவேதான் எஞ்சின் எண், சேஸிஸ் (அடிச்சட்டகம்) எண், பந்தயப் பதிவுகள், உரிமையாளர்களின் கடிதங்கள், பழுதுபார்ப்பு ரசீதுகள் எல்லாம் அடங்கிய கோப்புக்குக் காருக்கு நிகரான மதிப்பு உண்டு.

நெடுஞ்சாலை

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: தீயில் அழிந்த அந்த 9 கார்களுக்கு ஈடாக, அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஜாகுவார் நிறுவனமே 9 எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களைப் புதிதாகக் கட்டியது. அவற்றை நகல் என்பதா, அசல் என்பதா?

பழைய ஏடு

இரண்டும் முழுமையாகப் பொருந்தாது. கட்டிய கை அதே நிறுவனத்தினுடையது. ஆனால் அவை கடந்து வந்த காலம் வேறு. புதிதாகக் கட்டப்பட்டவை என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கும்வரை அவற்றில் எந்தக் குறையையும் நான் காணவில்லை.

தகட்டு வேலைக்காரர்

என் கவலை இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்பதுதான். அன்று இவற்றின் பெயின்ட்டும் மங்கியிருக்கும், தோல் இருக்கைகளும் வெடித்திருக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. எனவே கட்டப்பட்ட ஆண்டு, சேஸிஸில் பொறித்த எண்ணுக்கு அருகிலேயே அழிக்க முடியாதபடி பொறிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.