லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சிபியுவை விழுங்கும் பின்னணி ப்ராசஸ்: நீங்கள் பார்த்தது என்ன?

[உபுண்டு 22.04, க்னோம்]

ஒரு விண்டோகூடத் திறந்திருக்காது, ஆனால் ஃபேன் இரையும். டாப் (எந்த ப்ராசஸ் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் கமாண்ட்) போட்டால் டிராக்கர்-மைனர்-எஃப்எஸ்-3, அதை ஒட்டியே டிராக்கர்-எக்ஸ்ட்ராக்ட்-3. இரண்டும் டிராக்கரின் பகுதிகள்; ஃபைல் தேடலுக்காகக் கோப்புகளைப் பதிந்து வைப்பது அதன் வேலை. க்னோமில் அடிக்கடி வரும் புகார் இது. முதலாவது கோப்புகளின் பெயர், அளவு, தேதியைப் பதிகிறது. இரண்டாவது ஒவ்வொரு கோப்பையும் திறந்து உள்ளே இருப்பதைப் படிக்கிறது. மணிக்கணக்கில் சிபியு போகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டாவதுதான்.

தயவுசெய்து எடுத்த எடுப்பில் கில் -9 (ப்ராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கமாண்ட்) அடிக்காதீர்கள். இது சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) உங்கள் கணக்கில் ஓட்டும் யூசர் சர்வீஸ். ஃபைல்ஸில் எதையாவது தேடினாலே டி-பஸ் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) மறுபடி எழுப்பிவிடும். சிக்கல் ஏதோ ஒரு கோப்பில் இருந்தால், திரும்ப வந்து அதே கோப்பில் போய் நிற்கும்.

எந்தக் கோப்பு என்று பார்ப்பது சுலபம். டாப்பில் பிஐடி-யை (ப்ராசஸின் எண்) குறித்துக்கொண்டு, எல்எஸ் -எல் /ப்ராக்/பிஐடி/எஃப்டி என்று கொடுங்கள். அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் எல்லாக் கோப்பும் வரிசையாக வரும். சில நொடி இடைவெளி விட்டு நாலைந்து தடவை பாருங்கள். கோப்பின் பெயர் மாறிக்கொண்டே போனால் அது முதல்முறைப் பதிவு. மின்சாரத்தில் இணைத்து விட்டுவிடுங்கள், முடிந்ததும் தானாக அடங்கும். ஒரே பெயர் அசையாமல் நின்றால் அதுதான் குற்றவாளி: பாதியில் அறுந்த எம்பி4, ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப், இந்த மாதிரி. டிராக்கர்3 ஸ்டேட்டஸ் என்ற கமாண்ட் எத்தனை கோப்பு பதிவானது, எதில் தோற்றது என்றும் சொல்லும்.

அந்த ஃபோல்டருக்குள் .டிராக்கர்இக்னோர் என்ற பெயரில் காலிக் கோப்பு ஒன்றை டச் கமாண்டால் உருவாக்கினால் போதும், முழு ஃபோல்டரையும் விட்டுவிடும். .நோமீடியா, .கிட் இருந்தாலும் அப்படியே. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கிட் குளோன் செய்த ப்ராஜெக்டில் .கிட் இருப்பதால் தொல்லை இல்லை. அதே சோர்ஸை டார் கோப்பாக இறக்கி, டாக்குமெண்ட்ஸுக்குள் விரித்தால் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பதியக் கிளம்பிவிடும். இயல்பு அமைப்பில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ் ஐந்தும் அடிவரை அலசப்படும்; ஹோம், டவுன்லோட்ஸ் இரண்டிலும் மேல்தட்டு மட்டும். ஆகவே விரிப்பதை டவுன்லோட்ஸுக்குள் ஒரு ஃபோல்டரில் விரித்தாலே பாதிப் பிரச்சினை வராது.

பதிவுக் கிடங்கே கெட்டுப்போயிருந்தால் டிராக்கர்3 ரீசெட் --ஃபைல்சிஸ்டம் கொடுத்து முதலிலிருந்து கட்ட விடலாம். ஃபைல் தேடலே வேண்டாம் என்பவர்கள் சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க் (எதுவும் எழுப்ப முடியாதபடி சர்வீஸைப் பூட்டுவது) செய்யுங்கள். டிசேபிள் மட்டும் போதாது, டி-பஸ் எழுப்பிவிடும். க்னோம் 47 முதல் இதன் பெயர் லோக்கல்சர்ச். பழைய பெயரில் தேடி, காணோம் என்று நினைக்க வேண்டாம்.

[ஓபன்சூசே, பிளாஸ்மா]

மேலே உபுண்டு அண்ணன் சொன்னது அப்படியே கேடிஈ-க்கும் (பிளாஸ்மா டெஸ்க்டாப்) பொருந்தும், ஆள்தான் வேறு. ஃபைல் தேடலுக்காகப் பதிவது இங்கே பாலூ. டாப்பில் தெரியும் பெயர்கள் பாலூ_ஃபைல், பாலூ_ஃபைல்_எக்ஸ்ட்ராக்டர். எஃப்டி பார்க்கும் வேலையைப் பாலூசிடிஎல் மானிட்டர் செய்துவிடும். எந்தக் கோப்பு ஓடுகிறது என்று நேரலையாகக் காட்டும். பிளாஸ்மா 6-இல் கமாண்டின் பெயர் பாலூசிடிஎல்6.

எல்லோரும் முழுதாக அணைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளடக்கப் பதிவை மட்டும் நிறுத்தினால் (பாலூசிடிஎல் கான்ஃபிக் செட் கன்டென்ட்இன்டெக்ஸிங் நோ) பெயர் வைத்துத் தேடுவது வேலை செய்யும், சிபியு தொல்லையும் போய்விடும். அதன்பிறகும் ஓடினால் பாலூசிடிஎல் டிசேபிள், அடுத்து பர்ஜ் (பதிவுக் கோப்பை அழிப்பது). பர்ஜ் செய்யாவிட்டால் ஹோமில் .லோக்கல்/ஷேர்/பாலூ/இன்டெக்ஸ் என்ற கோப்பு ஜிபி கணக்கில் அங்கேயே கிடக்கும்.

பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். பாலூவின் பழைய பதிப்புகள் ஒரு கோப்பை அதன் ஐனோடு எண்ணோடு (ஃபைல்சிஸ்டம் கோப்புக்குத் தரும் எண்) டிவைஸ் எண்ணையும் சேர்த்து அடையாளம் காணும். பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூமுக்கு (ஃபைல்சிஸ்டத்தின் உட்பிரிவு) அந்த டிவைஸ் எண் ரீபூட்டில் மாறலாம். மாறினால் பழைய கோப்புகள் அத்தனையும் புதியவையாகத் தெரியும், பதிவு முதலிலிருந்து தொடங்கும். ரீபூட் செய்யும்போதெல்லாம் இப்படி ஆகிறது, இன்டெக்ஸ் கோப்பும் ஊதிக்கொண்டே போகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

[டெபியன் 12, எக்ஸ்எஃப்சிஈ]

எண்ணைப் படிப்பதில் வரும் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. டாப்பில் 100% என்றால் ஒரு கோர் முழுதாகப் போகிறது என்று பொருள். 8 த்ரெட் உள்ள கணினியில் உச்சம் 800%. ஷிஃப்ட்+ஐ அழுத்தினால் மொத்தத்துக்கான விழுக்காடாக மாறும். பிஎஸ் காட்டும் சிபியு விழுக்காடு இந்த நொடிக்குரியது அல்ல, ப்ராசஸ் பிறந்ததிலிருந்து உள்ள சராசரி. இரண்டு நாளாகச் சும்மா இருந்து இப்போதுதான் வெறிபிடித்த ப்ராசஸ் பிஎஸ்ஸில் 1% என்று சாதுவாகத் தெரியும். பிட்ஸ்டாட் -யு 5 நம்பகமானது, சிஸ்ஸ்டாட் பேக்கேஜில் வரும்.

மேல் வரியில் டபிள்யூஏ எண் பெரிதாக இருந்தால் சிபியு காத்துக்கொண்டிருக்கிறது, டிஸ்க்தான் திணறுகிறது. அங்கே ரீநைஸ் (ப்ராசஸின் சிபியு முன்னுரிமையை மாற்றுவது) செய்து பயனில்லை.

பிஐடி தெரிந்ததும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பிஐடி என்று எண்ணையே கொடுத்துப் பாருங்கள். அது எந்தச் சர்வீஸைச் சேர்ந்தது, எது தொடங்கியது என்று வந்துவிடும்.

[ஃபெடோரா, லேப்டாப்]

டாப்பில் கேவொர்க்கர் என்ற பெயர் மேலே நிற்பது யாருக்காவது வந்திருக்கிறதா? பிஎஸ்ஸில் சதுர அடைப்புக்குள் வரும் பெயர்கள் கெர்னல் த்ரெட், அதாவது லினக்ஸின் மையமான கெர்னலே ஓட்டும் வேலைகள். கில் எடுபடாது. பெயரின் வாலில் கேஏசிபிஐடி என்று இருந்தால், அல்லது பர்ஃப் டாப்பில் ஏசிபிஐ (மின்சாரம், வன்பொருள் நிர்வாகம்) ஃபங்ஷன்கள் மேலே நின்றால், மதர்போர்டிலிருந்து இன்டரப்ட் (சிபியுவைக் கவனிக்கச் சொல்லும் சிக்னல்) மழையாகக் கொட்டுகிறது என்று அர்த்தம்.

/சிஸ்/ஃபர்ம்வேர்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் ஃபோல்டரில் ஜிபிஇ (ஏசிபிஐ வன்பொருள் நிகழ்வு) என்று தொடங்கும் கோப்புகளை கிரெப் . கொடுத்துப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் 0 அல்லது சிறு எண் இருக்கும். ஒன்றில் மட்டும் லட்சக்கணக்கில், மறுபடி படித்தால் இன்னும் கூடியிருக்கும். பல இன்டெல் லேப்டாப்பில் ஜிபிஇ6எஃப் அடிக்கடி மாட்டுகிறது. அந்தக் கோப்பில் டிசேபிள் என்று எழுதினால் சிபியு அப்போதே இறங்கும். சூடோ எக்கோ போட்டு > கொடுத்தால் பெர்மிஷன் டினைட் வரும். > வேலையைச் செய்வது உங்கள் ஷெல், சூடோ அல்ல. எக்கோவைப் பைப் வழியே சூடோ டீ-க்கு அனுப்புங்கள்.

இது ரீபூட் வரைதான். நிலையாக வேண்டுமென்றால் கிரப் (பூட் லோடர்) அமைப்பில் கெர்னல் வரியில் ஏசிபிஐ_மாஸ்க்_ஜிபிஇ=0x6எஃப் சேர்க்க வேண்டும். பிறகு மூடி திறப்பது, பிரைட்னஸ் கீ, சார்ஜர் அறிவிப்பு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். ஏதாவது ஒன்று அதே ஜிபிஇ-யை நம்பியிருக்கலாம். அதற்கு முன் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உண்மையான தீர்வு அங்கேதான்.

இன்னொன்று, பழைய கெர்னல்களில் கேஐடில்_இன்ஜ் என்ற த்ரெட்கள் கோருக்கு ஒன்றாக 50% காட்டினால் பதறாதீர்கள். அவை வேலை செய்யவில்லை. சூடு தணிக்க கெர்னல் வேண்டுமென்றே கோரைச் சும்மா உட்கார வைக்கிறது. சென்சார்ஸ் கமாண்டில் வெப்பநிலையைப் பாருங்கள், ஹீட்சிங்கில் தூசியைத் தட்டுங்கள், சிபியு மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

[மிண்ட், சின்னமன்]

கெர்னல் பெயர் என்றதும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். கேஸ்வாப்டி0 (ராம் குறையும்போது இடத்தை விடுவிக்கும் கெர்னல் த்ரெட்) மேலே நின்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, உண்மையிலேயே ராம் தீர்ந்துவிட்டது; ஃப்ரீ -எம் போட்டால் அவைலபிள் எண் அடிமட்டத்தில் இருக்கும், பிரவுசர் டேப்களை மூடினால் அடங்கும். இரண்டாவது, அதே பெயரைப் போர்த்திக்கொண்டு வந்த கிரிப்டோ மைனர் (உங்கள் சிபியுவில் திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம்). எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) திறந்து, எளிய பாஸ்வேர்டு வைத்த கணினியில் இது நடக்கிறது.

அசல் கெர்னல் த்ரெட்டின் பேரன்ட் பிஐடி 2. அதன் /ப்ராக்/பிஐடி/சிஎம்டிலைன் காலியாக இருக்கும், /ப்ராக்/பிஐடி/இஎக்ஸ்இ எந்தக் கோப்பையும் காட்டாது. போலிக்கு இஎக்ஸ்இ ஒரு கோப்பைச் சுட்டும்: ஹோமில் .கான்ஃபிக்ஆர்சி என்ற மறைவு ஃபோல்டர், அல்லது /டெம்ப். கேடெவ்டெம்ப்எஃப்எஸ்ஐ என்ற பெயரும் இந்த ரகம்தான். அசல் த்ரெட்டின் பெயர் கேடெவ்டெம்ப்எஃப்எஸ், கடைசி ஐ கிடையாது.

இதைக் கொன்றால் காவலாக ஓடும் இன்னொரு ப்ராசஸ் உடனே மறுபடி தொடங்கும். அதனால் முதலில் நெட்வொர்க்கைப் பிடுங்கி, கில் -ஸ்டாப் கொடுத்து உறைய வையுங்கள். பிறகு கிரான்டேப் -எல் (நேரம் வைத்து ஓடும் வேலைகளின் பட்டியல்), யூசர் சர்வீஸ்கள், .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் ஆதரைஸ்டு_கீஸ் (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய அனுமதித்த சாவிகள்) மூன்றையும் பாருங்கள். உங்களுடையது அல்லாத சாவி ஒன்று அங்கே இருக்கும் வாய்ப்பு அதிகம். ரூட் பெயரில் ஓடியிருந்தால் சுத்தம் செய்து வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள், டேட்டாவை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள்.

[உபுண்டு 22.04, க்னோம்]

கிரிப்டோ மைனர் விவரத்துக்கு மிக்க நன்றி. டிராக்கருக்கு சிபியு உச்சவரம்பு வைக்க முடியுமா என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். முடியும்: சிஸ்டம்சிடிஎல் --யூசர் செட்-ப்ராப்பர்ட்டி, சர்வீஸ் பெயர், சிபியுகோட்டா=20%. 20% என்பது ஒரு கோரில் ஐந்தில் ஒரு பங்கு. கொடுத்தும் இறங்கவில்லை என்றால், /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் அடியில் உங்கள் யூசர் சர்வீஸ் ஃபோல்டரில் சிகுரூப்.கன்ட்ரோலர்ஸ் கோப்பைப் படியுங்கள். அதில் சிபியு என்ற சொல் இல்லையென்றால் யூசர் சர்வீஸுக்கு அந்த அதிகாரம் தரப்படவில்லை. யூசர்@.சர்வீஸுக்கு ட்ராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி, டெலிகேட் வரியில் சிபியு, மெமரி, பிட்ஸ் மூன்றையும் போட்டு, ரீபூட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.