6×5 உருண்டைப் புதிரை மேசைக் கணினியில் ஆட எமுலேட்டரா, ஃபோன் திரையா?

மழைக்குருவி (ரோஸ்-ஹில்):
சிவன், பார்வதி, லட்சுமி, கூடவே ஓடின், ரா என்று தெய்வங்களை அணி சேர்த்து, கீழே உருண்டைகளை இழுத்துப் பொருத்தும் வகை விளையாட்டு. 2012இல் ஜப்பானில் வந்த பசில் அண்ட் டிராகன்ஸ் பரப்பிவிட்ட முறை இது. குறுக்கே 6, நெடுக்கே 5, மொத்தம் 30 உருண்டை. ஒன்றைப் பிடித்தால் நேரம் முடியும்வரை பலகை முழுக்க நடத்தலாம், போகிற வழியில் மற்றவை இடம் மாறும். இதைக் கணினியில் ஆட எது நல்ல வழி? இன்டெல் ஐ3-7100, 8 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10, 24 அங்குல 1080பி மானிட்டர், அசெர்த்தி (பிரெஞ்சு முறை) விசைப்பலகை. ஃபோன் ஷாவ்மி, ஆண்ட்ராய்டு 12. யூபிஎஸ் இல்லை. காரணத்தோடு சொல்லுங்கள்.

ஏழுவண்ணமண் (ஷமாரெல்):
எமுலேட்டர்தான் (ஆண்ட்ராய்டைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் மென்பொருள்), சந்தேகமே வேண்டாம். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் சிப் வசதி) "எனேபிள்ட்" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கணினியை மறுபடி கிளப்பி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் (பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2) இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜியை ஆன் செய்யுங்கள். ஐ3-7100இல் அந்த வசதி உண்டு. அது அணைந்திருந்தால் எமுலேட்டர் ஆமை வேகம், அல்லது திறக்கவே மாட்டேன் என்று நிற்கும்.

கூகுள் பிளே கேம்ஸின் கணினிப் பதிப்பு உங்களுக்கு ஆகாது. அது 4 நிஜ கோர் கேட்கிறது, உங்களிடம் இருப்பது 2 கோர். டாஸ்க் மேனேஜரில் 4 என்று தெரிவது திரெட் கணக்கு, ஒரு கோர் இரண்டாகக் காட்டிக்கொள்வது. மைக்ரோசாஃப்ட்டின் ஆண்ட்ராய்டு சப்சிஸ்டமும் 2025 மார்ச் 5உடன் கைவிடப்பட்டது, அதுவும் விண்டோஸ் 11க்கு மட்டுமே இருந்தது. மிஞ்சுவது புளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர், மெமு போன்றவை. அதற்குள் ஓடும் ஆண்ட்ராய்டை (இன்ஸ்டன்ஸ்) 64 பிட்டாகவே உருவாக்குங்கள். 32 பிட்டில் போட்டால் பல விளையாட்டுகள் "உங்கள் கருவிக்குப் பொருந்தாது" என்று பிளே ஸ்டோரிலேயே மறைந்துவிடும். அதன் அமைப்பில் 2 கோர், நொடிக்கு 60 ஃபிரேம் (படம்), நெடுக்குவாட்டம் 900×1600 என்று வையுங்கள். 1080×1920 வைப்பதில் லாபமில்லை, மானிட்டரின் உயரமே 1080தான்.

பவளப்பாறை (மாயேபூர்):
ஏழுவண்ணமண் அண்ணா, அமைப்பு எல்லாம் சரி, ஆனால் இந்த இயந்திரத்துக்கு அது தப்பான யோசனை. ஃபோன் விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபோன்களில் இருக்கும் ஆர்ம் சிப்புக்காக எழுதப்பட்டவை. இன்டெல் சிப்பில் ஓட, எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும். இருப்பதே 2 கோர், அதைத்தான் விண்டோஸும் எமுலேட்டரும் பங்கு போடுகின்றன. ரேமும் அப்படித்தான். 2 ஜிபி கொடுத்தால் தெய்வத்தின் சக்திக் காட்சி வரும்போது திக்கும், 4 கொடுத்தால் விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் சேர்த்து மிச்சம் 4.

திக்கினால் இந்த விளையாட்டில் என்ன நஷ்டம் என்று பாருங்கள். 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லிசெகண்ட். 20க்கு இறங்கினால் 50 மில்லிசெகண்ட். வேகமாக இழுக்கும் கை அந்த இடைவெளியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடும். நடுவில் எந்த வழியாகப் போனீர்கள் என்பதை விளையாட்டு ஊகித்துக்கொள்ளும், உங்கள் பாதை கலையும். சீட்டுக்கட்டு மாதிரி நிதானமான விளையாட்டுக்கு இது பொருட்டில்லை. இதில் நகர்த்த இருப்பதே நான்கைந்து வினாடி.

என் யோசனை: விளையாட்டு ஃபோனிலேயே ஓடட்டும், திரையை மட்டும் கணினிக்குக் கொண்டுவாருங்கள், அதாவது திரை நகல். ஸ்க்ரீன் காப்பி என்று வாசிக்கப்படும் (எழுத்து: எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய்) இலவச, திறந்த மூல மென்பொருள். ஃபோனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 5 முதல் வேலை செய்யும், 11 முதல் ஒலியும் கணினிக்கு வரும். உங்களுடையது 12, ஆகவே இரண்டும் கிடைக்கும்.

கரும்புக்காடு (ஃப்ளாக்):
இரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. இந்த விளையாட்டு விரலுக்காகச் செய்தது. மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே வளைத்து வளைத்து இழுப்பது கைக்கு விரோதம். மூலைவிட்டமாக நகர்த்தும்போது விரல் தானாக வழுக்கிப் போகும், மவுஸ் பக்கத்துக் கட்டத்தில் இடறும். பெரிய திரைதான் வேண்டும் என்றால் 10 அங்குல டேப்லெட் இருக்கிறது.

ஏழுவண்ணமண்:
கரும்புக்காடு, இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

6.5 அங்குல ஃபோன் குறுக்கே ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். 6ஆல் வகுத்தால் ஒரு உருண்டைக்கு 11.5 மில்லிமீட்டர். விரல் நுனி அதை முழுசாக மூடிவிடும். பிடித்திருக்கும் உருண்டையும் தெரியாது, அதற்குக் கீழே இருப்பதும் பாதிதான் தெரியும். அதே பலகை இந்த மானிட்டரில் 1000 பிக்சல் உயர ஜன்னலில் வந்தால் அகலம் 560 பிக்சல், ஒரு கட்டம் 94 பிக்சல், அதாவது 25 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மறைப்பதற்கு ஒரு சின்ன அம்புக்குறி மட்டும்.

மூலைவிட்டம் இடறுவதற்குக் காரணம் மவுஸ் இல்லை, அதன் வேகம். 800 டிபிஐ மவுஸில் (ஓர் அங்குல அசைவுக்கு 800 பிக்சல்) 94 பிக்சல் என்பது வெறும் 3 மில்லிமீட்டர் கை அசைவு. அந்த அளவில் யாருக்கும் இடறத்தான் செய்யும். 400 டிபிஐக்கு இறக்கினால் ஒரு கட்டம் 6 மில்லிமீட்டர், முழுப் பலகையும் 36 மில்லிமீட்டர், மணிக்கட்டை ஊன்றியபடியே முடிந்துவிடும். டிபிஐ மாற்றும் பட்டன் இல்லாத மவுஸ் என்றால் விண்டோஸின் மவுஸ் பிராப்பர்ட்டீஸில் வேகக் கோட்டை இடமிருந்து 4ஆவது புள்ளியில் வையுங்கள். 6ஆவது புள்ளி ஒன்றுக்கு ஒன்று, 4ஆவது அதில் பாதி. அங்கேயே "என்ஹான்ஸ் பாயின்ட்டர் பிரிசிஷன்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை ஒரே தூரம் கை அசைத்தாலும் வேகத்தைப் பொறுத்துச் சுட்டி வேறு வேறு தூரம் போகும், கை ஒருநாளும் பழகாது.

கரும்புக்காடு:
கணக்கு நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டனை மறந்துவிட்டீர்கள். தேய்ந்த மவுஸில் இடது பட்டனின் சுவிட்ச் அழுத்தியிருக்கும்போதே நொடிக்கும் குறைவாக விட்டுப் பிடிக்கும். சாதாரண வேலையில் அது ஒற்றைக் கிளிக் இரட்டைக் கிளிக்காக விழுவதாகத் தெரியும். இங்கே என்ன ஆகும்? உருண்டை பாதி வழியில் கைநழுவும், அந்தச் சுற்றே போச்சு. 30 உருண்டையில் மூன்று மூன்றாக அதிகபட்சம் 10 சேர்க்கை கட்டலாம். பசில் அண்ட் டிராகன்ஸில் முதல் சேர்க்கைக்குப் பிறகு ஒவ்வொன்றும் தாக்குதலை 25 விழுக்காடு கூட்டும். 7 கட்ட நினைத்து 2இல் நழுவினால் எதிரி மிஞ்சிவிடும். விரலில் இந்தக் கோளாறு கிடையாது.

ஏழுவண்ணமண்:
அது உண்மை. சோதிக்க எளிய வழி: டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் இடது பட்டனை அழுத்தி, விடாமல் அரை நிமிடம் தேர்வுப் பெட்டியை இழுத்துக்கொண்டே இருங்கள். பெட்டி ஒருமுறை மறைந்தாலும் அந்த மவுஸ் இதற்கு உதவாது.

பவளப்பாறை:
இவ்வளவு நேரம் பேசிய மவுஸ் கணக்கெல்லாம் என் வழிக்கும் அப்படியே பொருந்தும். நான் எமுலேட்டரைத்தான் மறுக்கிறேன், மவுஸை இல்லை. மழைக்குருவி, செய்முறை இதோ.

ஃபோனில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன். அங்கே பில்ட் நம்பரை (உங்கள் ஷாவ்மியில் எம்ஐயுஐ வெர்ஷன் என்று இருக்கும்) 7 முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியாகக் கணினி ஃபோனை இயக்க அனுமதிக்கும் வசதி) ஆன். ஷாவ்மியில் இன்னொன்றும் உண்டு: "யூஎஸ்பி டீபக்கிங் (செக்யூரிட்டி செட்டிங்ஸ்)". இதை விட்டால் படம் மட்டும் வரும், மவுஸ் எதையும் தொடாது. ஆன் செய்தபின் ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பிறகு கேபிள் இணைத்து, "இந்தக் கணினியை அனுமதிக்கவா" என்று கேட்டால் சரி. கணினியில் அந்த மென்பொருளின் ஜிப் (சுருக்கிய) கோப்பை விரித்து அதிலுள்ள நிரலை இரட்டைக் கிளிக் செய்தால் போதும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை கேபிள்தான் குற்றவாளி. சார்ஜ் மட்டும் போகும் கேபிளில் தரவுக் கம்பி இருக்காது.

இடது ஆல்ட்டோடு ஓ எழுத்தை அழுத்தினால் ஃபோன் திரை அணையும், கணினியில் படம் தொடரும். சூடு குறையும். இன்னொரு விஷயம், இதில் மவுஸின் வலது கிளிக் என்பது ஃபோனின் "பேக்" பட்டன், நடுச்சக்கரம் "ஹோம்". இழுக்கும்போது நடுவிரல் வலது பட்டனில் பட்டால் விளையாட்டு "வெளியேறவா?" என்று கேட்கும். விரலைச் சற்றுத் தள்ளி வைத்துப் பழகுங்கள். வைஃபை வழியாகவும் இணைக்கலாம், ஆனால் இந்த விளையாட்டுக்கு வேண்டாம். அலைவரிசை ஒரு கணம் தடுமாறினாலும் உருண்டை அந்தரத்தில் நிற்கும்.

ஏழுவண்ணமண்:
சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். திரை நகலில் தாமதம் உண்டு. அதை உருவாக்கியவர்களே 35 முதல் 70 மில்லிசெகண்ட் என்கிறார்கள். சுட்டி முன்னே போகும், உருண்டை பின்னே வரும். எமுலேட்டரில் அந்த இழுபறி இல்லை. அடுத்தது பாதுகாப்பு: டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் சில வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். பணம் புழங்கும் ஃபோனில் டீபக்கிங்கைத் திறந்து வைப்பது நல்ல பழக்கமா? மேலும் மேசைக் கணினியின் யூஎஸ்பி 2 துளை 500 மில்லியாம்பியர்தான் தரும். விளையாட்டு ஓடும்போது அது ஈடுகொடுக்காது, சார்ஜ் ஏறாமல் மெல்ல இறங்கும்.

பவளப்பாறை:
மூன்றுமே சரியான கேள்வி. டீபக்கிங்கை ஆடி முடித்ததும் அணைத்துவிட வேண்டும், இரண்டு தட்டல்தான். துளை விஷயத்தில் நீலநிற யூஎஸ்பி 3 துளையில் மாட்டுங்கள், 900 மில்லியாம்பியர் கிடைக்கும். தாமதம்? உருண்டை சீராகப் பின்தொடரும்வரை கை அதற்குப் பழகிவிடும். கை பழகாதது நான் மேலே சொன்ன ஏறி இறங்கும் ஃபிரேம்தான்.

பாதுகாப்பு என்றீர்கள், எமுலேட்டர் பக்கமும் பாருங்கள். விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் வசதியோ விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மோ ஆனில் இருந்தால் பல எமுலேட்டர்கள் சண்டை போடும், இணையத்தில் எல்லோரும் "அதை அணை" என்பார்கள். கணினியின் காவலை ஒரு புதிருக்காகக் கழற்றச் சொல்வது இன்னும் மோசம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, 7ஆம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. இருக்கிற காவலையும் எடுக்காதீர்கள்.

ஏழுவண்ணமண்:
அணைக்கச் சொல்லவில்லை. விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்-வியோடு ஒத்துப்போகும் புளூஸ்டாக்ஸ் பதிப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள் என்பேன்.

கரும்புக்காடு:
நம் மொரீஷியஸ் விஷயத்தை யாரும் பேசவில்லையே. நவம்பர் முதல் மே வரை புயல் காலம். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் எமுலேட்டரும் அதே கணத்தில் சாகும். எழுதிக்கொண்டிருந்த மெய்நிகர் வட்டு கெட்டால் அடுத்த முறை திறக்காமலும் போகலாம். திரை நகலில் கேபிளின் மறுமுனை செத்தாலும் ஆட்டம் ஃபோனில் உயிரோடு இருக்கும். ரவுட்டர் அணைந்தாலும் மொபைல் டேட்டா இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் பவளப்பாறை பக்கம்.

பவளப்பாறை:
விளையாட்டுக் கணக்கு (அக்கவுண்ட்) விஷயமும் அதே மாதிரிதான். ஒரு நேரத்தில் ஒரே கருவியில்தான் கணக்கு இருக்கலாம் என்று விதிக்கும் விளையாட்டுகள் உண்டு. எமுலேட்டருக்கு மாற்றினால் ஃபோனில் போய்விடும். எமுலேட்டரே கூடாது என்று விதியில் எழுதிவைத்தவையும் உண்டு, முதலில் விதிமுறையை வாசியுங்கள். எமுலேட்டரில் வரும் மேக்ரோ பதிவைத் தொடவே தொடாதீர்கள், தானியங்கி ஆட்டம் என்று கணக்கை முடக்குவார்கள். "வைரக்கல் இலவசம்" என்று சுற்றும் மாற்றிய ஏபிகேயும் (செயலிக் கோப்பு) அப்படியே.

மழைக்குருவி:
நன்றி அண்ணா, எல்லோருக்கும். இரண்டு கேள்வி. சக்தி பட்டன்களை 1 முதல் 6 வரை விசைகளில் வைக்க முடியுமா? இரவில் ஆடினால் சிவப்பு உருண்டையும் இதய உருண்டையும் ஒன்றாகத் தெரிவது ஏன்?

ஏழுவண்ணமண்:
விசை ஒதுக்குவது எமுலேட்டரில் உண்டு, திரை நகலில் இல்லை. அசெர்த்தியில் மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும், ஆகவே ஒதுக்கினால் வலப்பக்க எண்பலகையில் ஒதுக்குங்கள், நம்லாக் ஆனில் இருக்கட்டும். இரண்டாவது, விண்டோஸின் நைட் லைட். அது நீலத்தைக் குறைப்பதால் இளஞ்சிவப்பு சிவப்பை நெருங்கிவிடும். ஆடும் நேரம் அணைத்து வையுங்கள்.

நிறம் என்றதும் ஒன்று. பசில் அண்ட் டிராகன்ஸில் சிவன் நெருப்பு, லட்சுமி நீர், பார்வதிக்குப் பச்சை. வரைந்தவர்கள் எதை நினைத்தார்களோ, போர்ட் லூயி சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற நமக்கு அந்தப் பச்சை சரியாகவே இருக்கிறது.

இந்த 2 கோர் கணினிக்குத் திரை நகல் என்பதை ஏற்கிறேன். 4 கோர், 16 ஜிபி, ஒரு யூபிஎஸ் என்று வந்தால் என் பதில் எமுலேட்டர்தான்.

பவளப்பாறை:
அப்போதும் விதிமுறையை வாசித்த பிறகு. மழைக்குருவி, தினப் பரிசு எத்தனை மணிக்கு மாறுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். யூடிசி நள்ளிரவு என்றால் மொரீஷியஸில் விடிகாலை 4 மணி, ஜப்பான் நள்ளிரவு என்றால் இரவு 7 மணி.