கிரவுண்ட் பொக்ஸ் வாங்கப் போய் வீட்டு எர்த்தைத் திருத்தினோம்

வெள்ளவத்தையிலிருந்து:

சுவீடனின் என்ட்ரெக், நோர்டொஸ்டின் கியூகோர் என்று கிரவுண்ட் பொக்ஸ் (ஓடியோ கருவிகளுக்கெனத் தனி எர்த் போல விற்கப்படும் பெட்டி) பெயர்கள் நம் ஓடியோ நண்பர்களிடையே அடிக்கடி அடிபடுகின்றன. பெட்டியிலிருந்து வரும் வயரை ஆம்ப்பில் சும்மா இருக்கும், சிக்னல் வயர் செருகும் ஆர்சிஏ துளையில் செருகினால் பின்னணி இரைச்சல் அடங்கும் என்கிறார்கள். நானும் அதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். வாங்க முன் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

எங்கள் வீடு கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்குக் கிட்ட. அப்பா ஊரிலிருந்து ட்ரங்குப் பெட்டியில் கொண்டுவந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர எல்பி ஒன்று இருக்கிறது. ஊசி இறங்கியதும், ஆலாபனை தொடங்கமுன்பே, அடியில் 'ங்ங்ங்' என்று ஓர் உறுமல், அதுதான் ஹம். ஊசியைத் தாங்கும் எம்சி கார்ட்ரிஜ் தருவது அரை மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பெருக்கும் போனோ ஸ்டேஜின் ஆர்ஐஏஏ திருத்தம் (இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த அடிச்சுரங்களைத் திரும்பக் கூட்டுவது) மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை, 1000 ஹெர்ட்ஸோடு பார்க்கும்போது, ஏறக்குறைய 17 டெசிபல் தூக்கிவிடுகிறது. அதனால் சின்ன ஹம் கூட ஸ்பீக்கரில் பெரிதாகத்தான் வரும்.

நண்பர் ஒருவர் தன் பெட்டியை இரண்டு கிழமைக்கு இரவல் தந்தார். மரப்பெட்டி, நல்ல பாரம். முதல் இரவு இசை கொஞ்சம் விரிந்தது போலப் பட்டது. ஆனால் ஹம் அப்படியே இருந்தது. அப்புறம் ஒரு நாள் தூசி தட்டுவதற்காக டீவி பொக்ஸின் பின்னால் இருந்த டிஷ் கேபிளைக் கழற்றினேன். ஹம் பாதியாய்க் குறைந்தது! டீவி பொக்ஸிலிருந்து ஆம்ப்புக்கும் ஒரு வயர் போகிறது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அடுத்த நாள் எலக்ட்ரீசியன் வந்தார். எர்த் ரொட் வெளிப்படிக்குப் பக்கத்தில், குரோட்டன் சாடிக்குப் பின்னால் இருக்கிறது. சாடியை நகர்த்தினோம். கிளாம்ப் முழுக்கப் பச்சையாய், தொட்டால் பொடியாய் உதிர்ந்தது. சைவ சமய வகுப்பில் 'செம்பில் களிம்பு போல' என்று படித்தது நினைவுக்கு வந்தது. கடல் உப்புக்காற்று அந்தக் களிம்பை எவ்வளவு தடிப்பாக ஏற்றிவிடும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அவர் ஸ்க்ரூ ட்ரைவரால் ஒரு தட்டுத் தட்டினார், வயர் கையோடு வந்துவிட்டது. "சேர், இது ரொட்டோட சேர்ந்தே இல்ல. சும்மா பக்கத்துல நிக்குது."

நம் நாட்டில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் ரொட்தான் எர்த். அது விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் கசியும் மின்னோட்டம் வேறு வழி தேடும். எங்கள் வீட்டில் அது ஆம்ப்பின் சிக்னல் வயர் உறையில் ஏறி, டீவி பொக்ஸைக் கடந்து, டிஷ் கேபிளின் உறை வழியாக மொட்டைமாடி இரும்புக் கம்பத்துக்கு ஓடியிருக்கிறது. அந்த ஓட்டம்தான் ஹம்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்னோட்டம் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை நான் மாதாமாதம் அழுத்திப் பார்ப்பேன், அது ஒழுங்காக விழுந்தது. அதனால் எர்த் சரி என்று நினைத்திருந்தேன். அந்தப் பொத்தானுக்கு எர்த்தே தேவையில்லை. எர்த் அறுந்திருந்தாலும் விழும். வீட்டில் பிள்ளைகள் வாஷிங் மெஷினைத் தொடுகிறார்கள். அதை நினைத்து அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

புது கிளாம்ப், இரண்டாவதாக ஒரு ரொட், இரண்டையும் சேர்த்து ஒரே வயர். எர்த் டெஸ்டரில் 11 ஓம் காட்டியது. சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். கூலியோடு சேர்த்தும் பெட்டி விலையில் பத்தில் ஒரு பங்கு வரவில்லை. இப்போது ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கிறது.

பெட்டி இன்னும் கையில் இருந்ததால் மகளை எனக்குத் தெரியாமல் வயரைச் செருகவும் கழற்றவும் சொன்னேன். பத்துத் தடவை. ஐந்து தடவைதான் சரியாகச் சொன்னேன். பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்கள் வீட்டில் குற்றவாளி அடாப்டர். பழைய வட்டப் பின் சொக்கெட், ஆம்ப்புக்கு 13 அம்பியர் சதுரப் பின் பிளக். நடுவில் போட்ட மலிவான அடாப்டரைத் திறந்து பார்த்தேன், எர்த் பின்னுக்கு உள்ளே தகடே இல்லை. ஆம்ப்பின் உடம்பைப் புறங்கையால் தடவினால் விறுவிறு என்று இருக்கும், மழை நாளில் இன்னும் கூட. சொக்கெட்டையே மாற்றினேன். விறுவிறுப்பும் போனது, ஹம்மும் போனது.

கல்கிசையிலிருந்து:

தம்பி, நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஓடியோவுக்கு என்று தோட்டத்தில் தனி ரொட் அடித்தேன். 'சுத்தமான எர்த்' என்று ஒருவர் சொன்னார், நம்பினேன். வீட்டு எர்த்தோடு அதைச் சேர்க்கவில்லை. ஒக்டோபரில் ஒரு பின்னேரம் பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. அந்த நொடியில் இரண்டு ரொட்டுக்கும் இடையில் மண்ணிலேயே பெரிய வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்திருக்கிறது. அது என் டாக்கின் (கம்ப்யூட்டரின் டிஜிட்டல் ஒலியை ஆம்ப்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) யூஎஸ்பி வழியாகத்தான் பாய்ந்தது. கம்ப்யூட்டர் ஒரு எர்த்தில், டாக் மற்ற எர்த்தில். இரண்டும் போய்விட்டன. நல்ல வேளை, அந்த நேரம் யாரும் கை வைத்திருக்கவில்லை.

வெள்ளவத்தையிலிருந்து:

அண்ணா, அந்த ரொட்டை இப்போது வீட்டு எர்த்தோடு தடித்த செம்பு வயரால் சேர்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் இந்தக் கிழமையே செய்யுங்கள், இடிமழைக் காலம் கிட்டுகிறது. அதுவரை மழை இருட்டும்போது பிளக்கோடு யூஎஸ்பியையும் கழற்றி வையுங்கள். எங்கள் எலக்ட்ரீசியனிடம் எர்த் டெஸ்டர் இருக்கிறது, சனிக்கிழமை நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.