படிச்சு வருஷமாச்சு, அந்த ஒரு பக்கம் மட்டும் இன்னும் போகல

கடைசி பெஞ்ச் கயல்:

சிரியஸ் செத்ததப் பத்தி எழுத வரல. அதுக்கு எல்லாரும் அழுதாச்சு. எனக்கு உறுத்துறது அந்தக் கண்ணாடி.

அஞ்சாவது ஹாரி பாட்டர். கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு கிளம்புறப்ப ஹாரியோட ஞானத்தகப்பன் சிரியஸ் அவன் கையில ஒரு பொட்டலத்தத் திணிப்பாரு, ஸ்னேப் வாத்தியார் தொல்லை குடுத்தா இத வெச்சு எனக்குச் சொல்லுன்னு. ஹாரி பிரிக்கவே மாட்டான். பெட்டிக்குள்ள போட்டுடுவான். அப்புறம் என்னென்னமோ நடந்து, சிரியஸ் அந்தத் திரைக்குப் பின்னாடி விழுந்து, எல்லாம் முடிஞ்சு ஊருக்குக் கிளம்ப பெட்டி அடுக்குறப்ப அது கையில கிடைக்கும். பிரிச்சா ஒரு பழைய சதுரக் கண்ணாடி. ஜோடி கண்ணாடி, இன்னொண்ணு என்கிட்ட இருக்கு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டா முகம் தெரியும்னு பின்பக்கம் எழுதியிருப்பாரு. இவன் அப்பக்கூட பேரைச் சொல்லிப் பாப்பான். தெரியறது இவன் மூஞ்சிதான்.

நான் அப்ப ஒன்பதாவது. மறுநாள் சமூக அறிவியல் முழுப்பரீட்சை. போர்வைக்குள்ள செல்போன் லைட்ல படிச்சுட்டிருந்தவ, "அன்னைக்கே பிரிச்சிருந்தா என்னடா லூசு"ன்னு கத்திட்டேன். அம்மா பதறி ஓடி வந்து யாருக்கு என்னாச்சுன்னாங்க. சிரியஸ் செத்துட்டாரும்மான்னு அழுதேன். "எந்த ஊருடி?"ன்னு கேட்டாங்க.

அதுலேர்ந்து யாரு எதக் குடுத்தாலும் நின்ன இடத்துலயே பிரிச்சுடுவேன். கல்யாண வீட்டுல தாம்பூலப் பைய மண்டப வாசல்லயே கவுத்துப் பாத்து அம்மாகிட்ட குட்டு வாங்கியிருக்கேன். தேங்காய்தான். எப்பவும் தேங்காய்தான்.

உங்களுக்கு எது?

29சி ஜன்னலோரம்:

எனக்கு ட்வைலைட் ரெண்டாவது புத்தகம், நியூ மூன். சிரிக்காதீங்க, அக்காவுக்கு வாங்குனது. சரி, நானும் படிச்சேன்.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரம். அறுபது ரூபா. திருட்டு அச்சு, அட்டப்படம் லேசா கலங்கியிருக்கும், தெரியும்ல அந்த ரகம். காதலன் எட்வர்ட் கதாநாயகி பெல்லாவக் காட்டுல விட்டுட்டுப் போயிடுறான். பக்கத்தப் பொரட்டுனா 'அக்டோபர்'னு ஒரே ஒரு வார்த்தை, மத்ததெல்லாம் வெள்ளை. அப்புறம் 'நவம்பர்'. 'டிசம்பர்'. 'ஜனவரி'. மேட்டர் முழுக்க அச்சுல விட்டுப்போச்சுன்னு நெனச்சு மறுநாளே பஸ் பிடிச்சுப் போய் கடைக்காரர்கிட்ட சண்டை. அவரு அலட்டிக்கவே இல்ல, குவியல்லேர்ந்து இன்னொண்ணு உருவுனாரு. அதுலயும் வெள்ளை. மூணாவதப் பிரிச்சோம். அதுலயும். "மொத்த லோடும் இப்டிதான் வந்துருக்கு தம்பி, அஞ்சு ரூபா கொறச்சுக்க"ன்னாரு. நானும் ஜெயிச்ச மாதிரி அஞ்சு ரூபாய வாங்கிட்டு வந்துட்டேன்.

அக்கா தலையில அடிச்சுக்கிட்டா. "அவன் போனப்புறம் அந்த நாலு மாசத்துல அவளுக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லடா, அதான் வெள்ளை"ன்னா. எனக்குப் புல்லரிச்சிடுச்சு. வெறும் தாள வெச்சுக்கூட கதை சொல்லலாமான்னு.

ஆனா உறுத்துறது அதுவும் இல்ல. இன்னும் கொஞ்சம் போனா பக்கம் 304, அடுத்தது 321. இந்தத் தடவ நான் உஷார். இதுவும் எழுதுன அந்தம்மாவோட டெக்னிக்தான், இந்த எடத்துலயும் அவளுக்கு நெனவு தப்பிடுச்சுன்னு நானே ஒரு விளக்கம் கண்டுபிடிச்சு மேல படிச்சுட்டேன். கிளாஸ்ல ஒருத்தன உக்கார வெச்சு பாடமே எடுத்தேன். ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது, பைண்டிங்ல ஒரு ஃபாரம் முழுசா விட்டுப்போயிருக்கு. பதினாறு பக்கம். அத இன்னைக்கு வரைக்கும் படிக்கல.

திருத்தல்வாதி:

கயல், ஒரு திருத்தம். ஹாரி அசட்டையாப் போட்டு வைக்கல. பொட்டலத்த வாங்குன அன்னைக்கே முடிவு பண்ணிடறான், இத உபயோகிக்கவே கூடாதுன்னு. தன்னால சிரியஸ் ஒளிஞ்சிருக்கற வீட்ட விட்டு வெளிய வந்து மாட்டிக்கக் கூடாதுன்னு. பாசத்துல பிரிக்காம விட்டது. லூசுன்னு சொல்றது அநியாயம்.

இன்னொண்ணு. கண்ணாடி இருந்திருந்தா சிரியஸ்கூடப் பேச அம்பிரிட்ஜ் டீச்சர் ரூம்ல போய் நெருப்புக்குள்ள தலைய விட்டிருக்க வேணாம், வாஸ்தவம். ஆனா அன்னைக்கு சிரியஸ் மாடியில பக்பீக்குங்கற பறக்குற மிருகத்துக்குக் கட்டு போட்டுட்டு இருந்தாரு. அதக் காயப்படுத்தி அவர மாடியிலயே நிறுத்துனது அந்த வீட்டு வேலைக்கார எல்ஃப் கிரீச்சர். கண்ணாடி அப்ப அவரு பைல இருந்துச்சா, எங்கயாவது மேஜைல கெடந்துச்சான்னு யாருக்குத் தெரியும்?

என் அனுபவம்: ஏழாவது புத்தகத்துல, செத்துப்போன குட்டி எல்ஃப் டாபியப் பொதைக்க ஹாரி மந்திரம் இல்லாம மண்வெட்டியால குழி தோண்டுவான்ல, அது. அதுக்கு மேல எழுத வரல.

கடைசி பெஞ்ச் கயல்:

பாசம்னா பிரிச்சுப் பாத்துட்டு மூடி வெச்சிருக்கலாமே அண்ணா!!

தஞ்சாவூர் தாத்தா:

பிள்ளைகளுக்கு வணக்கம். வயது 71. எனக்கும் ஒரு பக்கம் உண்டு. பொன்னியின் செல்வன், ஐந்தாம் பாகம், கடைசி அத்தியாயம். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்ததை என் அத்தை கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தாள். மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் 'பாவி' என்று எழுதியிருந்தாள். யாரைச் சொல்கிறாள் என்று நானும் பலமுறை கேட்டுப் பார்த்தேன். கடைசி வரை சொல்லவில்லை.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த மந்திரக்கோல், ரத்தக்காட்டேரி எல்லாம் ஒரு வயதில் பிடிக்கும், தவறில்லை. ஆனால் படிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படுத்துக்கொண்டு படிக்கக் கூடாது. போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் படித்தால் கண் களைத்துவிடும், கயல் கவனிக்க. நாளுக்கு நாற்பது பக்கம் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வரும் பாத்திரங்களின் பெயர், உறவு முறை, முதலில் வந்த பக்கம் மூன்றையும் குறித்து வையுங்கள். பெரிய நாவலில் நடுவே தொலைந்து போக மாட்டீர்கள். பரீட்சை சமயத்தில் கதைப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். திருட்டு அச்சு வாங்குவது எழுதியவர் வயிற்றில் அடிப்பது, அந்தப் பதினாறு பக்கம் போனது அதற்கான அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேரலாம், பெரிய செலவில்லை. முதலில் தமிழில் ஒரு ஐந்து நாவலாவது முடித்துவிட்டு அந்தப் பக்கம் போனால் நல்லது. கதையில் வருகிறவர்களுக்காக இப்படிக் கத்தி வீட்டைக் கூட்டுவது உடம்புக்கும் ஆகாது.

பொள்ளாச்சி மைனா:

தாத்தா, கேட்டது அனுபவமுங்க, டைம்டேபிள் இல்ல. 'பாவி'ய அப்படியே விட்டுட்டு நோட்டு வாங்கச் சொல்லிட்டீங்களே! அது வந்தியத்தேவனத்தான். சந்தேகமே இல்ல.

எனக்கு ஹங்கர் கேம்ஸ், சீட்டுக் குலுக்கிப் பசங்கள சாகுற வரைக்கும் மோத விடுற கதை. ரூங்கற குட்டிப் பொண்ணு செத்தப்ப கதாநாயகி காட்னிஸ் பூ வெப்பாளே, அது இல்ல. பூனை.

மொதல்ல சீட்டுக் கதை. எனக்கும் தங்கச்சிக்கும் ராத்திரி பாத்திரம் கழுவறதுல தெனம் சண்டை. புத்தகம் படிச்சதும் பித்தளச் சொம்புல பேரு எழுதிப் போட்டுக் குலுக்க ஆரம்பிச்சோம். அதுல தானியம் அதிகமா வாங்குனா குலுக்கல்ல பேரு அதிகமா விழும்ல, அதே மாதிரி எங்க வீட்ல அப்பளம். எக்ஸ்ட்ரா ஒரு அப்பளம் எடுத்தா எக்ஸ்ட்ரா ஒரு சீட்டு. அவ அப்பளப் பைத்தியம். ஒரு நாள் அவ பேரு மட்டும் ஏழு சீட்டு. அவ பேருதான் வந்துச்சு. அடுத்த நாள் அவளுக்கு கணக்குப் பரீட்சை வேற. நான் எந்திரிச்சு நின்னு நெஞ்சுல கைய வெச்சு, "அவளுக்குப் பதிலா நான் போறேன்"னேன். அப்பா சோத்துக்கைய பாதியில நிறுத்திட்டு "இந்நேரத்துக்கு எங்க போற?"ன்னாரு.

அப்படி இருந்தவளுக்கு மூணாவது புத்தகம் எப்படி இருக்கும்? காட்னிஸ் செஞ்சது பூராவும் குலுக்கல்ல வந்த தங்கச்சி பிரிமோட அந்த ஒத்தச் சீட்டுக்காக. கடைசில அந்த பிரிமே போயிடுறா. நான் அழுவல. கோவம்தான் வந்துச்சு. அப்புறம் அந்த அசிங்கமான மஞ்சப் பூனை பட்டர்கப், அத்தன தூரம் நடந்து வீட்டுக்கு வந்து சேரும், பிரிமத் தேடிட்டு. காட்னிஸ் தலகாணிய வீசியெறிஞ்சு, அவ இங்க இல்ல, செத்துட்டா, போன்னு அதுகிட்டக் கத்துவா. பூனை போகாது. அந்த எடத்துல நான் பஸ்ல இருந்தேன். கிணத்துக்கடவுல எறங்க வேண்டியவ பொள்ளாச்சி ஸ்டாண்டுல எறங்குனேன்.

தங்கச்சி படிக்கக் கூடாதுன்னு அந்தப் புத்தகத்த அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வெச்சேன். 2015ல அவ கூட்டாளிகளோட படத்துக்குப் போயிட்டு வந்தா. ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள், "உனக்கு முன்னாடியே தெரியும்ல?"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. அதுக்கப்புறம் நாங்க சீட்டே குலுக்கல.

கொக்குவில் வாசகி:

இதுகள வாசிக்க எனக்கு 'நார்தர்ன் லைட்ஸ்' ஞாபகம் வருது. கனடாவில இருந்து சித்தி அனுப்பின பார்சலுக்குள்ள வந்த புத்தகம். எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு.

அதில ஒவ்வொரு ஆளின்ர ஆன்மாவும் வெளியில ஒரு விலங்கா, ஆளோட கூடவே திரியும். பிள்ளையளக் கடத்திக்கொண்டு போய் அதை வெட்டிப் பிரிக்கிறாங்கள். கதாநாயகி லைரா ஒரு இரவு மீன் காயவிடுற கொட்டிலுக்குள்ள போவா. உள்ளுக்க ஒரு சின்னப் பெடியன். தன்ர விலங்கு இல்லாமல், ஒரு காய்ஞ்ச மீனை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருப்பான்.

நான் அதை வாசிக்கேக்க குசினியில அம்மா கருவாடு பொரிச்சுக்கொண்டு நிண்டவ. மணம் வந்தது. புத்தகத்தை மூடிப்போட்டுப் போய்க் கிணத்துக்கட்டில இருந்திட்டன். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் எண்டன். ஏன் எண்டு கேட்டதுக்கு வயித்துக்க சரியில்லை எண்டு சொன்னன். இஞ்சித் தண்ணி போட்டுத் தந்தவ.

பிறகு அந்தப் பெடியன் செத்துப்போவான். ஆரோ ஒருத்தர் மீனை எடுத்து நாய்க்குப் போட்டிடுவார், ஒண்டும் தெரியாமல்தான். லைராக்கு வந்த கோவம்! அவன்ர விலங்கின்ர பேரை ஒரு பொற்காசில கீறி அவன்ர வாய்க்குள்ள வைப்பா. ஆக்கள் இந்தக் கதையில வாற பெரிய வெள்ளைக்கரடியைப் பற்றித்தான் கதைப்பினம். எனக்கு அந்த மீன்தான்.

மெதுவாப் படிக்கறவன்:

பெர்சி ஜாக்சன், முதல் புத்தகம். எழுத்துங்க பக்கத்த விட்டுக் கெளம்பி மிதக்குதுன்னு அவன் சொல்ற எடம். எனக்கும் அப்படித்தான். ண, ன, ந மூணும் எனக்கு ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிடும். ஏழாவதுல டீச்சர் என்னை எழுப்பிப் படிக்கச் சொன்னா கிளாஸே தயாரா சிரிக்க உக்காந்திருக்கும்.

அதுல அவனுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. அவன் மூளை பழைய கிரேக்கத்துக்காக அமைஞ்சது, அதான் இங்கிலீஷ் ஓடுதுன்னு. எழுதுனவரோட பையனுக்கும் இதே பிரச்சினையாம். அவனுக்குத் தூங்கறப்ப சொன்ன கதைதான் 2005ல புத்தகமா வந்துச்சாம். அதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. நான் நம்பிட்டேன். அப்ப என் மூளை எந்த மொழிக்குன்னு யோசிச்சு, சமூக அறிவியல் புத்தகத்துல இருந்த தமிழ் பிராமிக் கல்வெட்டுப் படத்த எடுத்து வெச்சு அரை மணி நேரம் மொறச்சுப் பாத்தேன், தானா புரியும்னு.

அதுவும் மிதந்துச்சு.

தஞ்சாவூர் தாத்தா:

தம்பி, இதற்கு ஒரு வழி உண்டு. வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிக்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வாய்விட்டுப் படித்தால்...

மெதுவாப் படிக்கறவன்:

ஸ்கேல் வெச்சுத்தான் தாத்தா உங்க முதல் பதிவையே படிச்சேன். அதான் பதில் போட ரெண்டு நாள் ஆச்சு.

29சி ஜன்னலோரம்:

:))) யாருகிட்டயாவது நல்ல பிரதி இருந்தா 305லேர்ந்து 320 வரைக்கும் என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க.

தஞ்சாவூர் தாத்தா:

தம்பி, மன்னித்துக்கொள். ஸ்கேல் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மந்திரக்கோல் என்று நான் எழுதியது கோபத்தில் எழுதியது. என் பேத்திக்குப் பதினோரு வயது. ராத்திரி அவள் படுத்துக்கொள்ள, நான் நாற்காலியில் உட்கார்ந்து ஹாரி பாட்டரை ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். முதல் நான்கும் முடித்துவிட்டோம். ஐந்தாவதில், லீவு முடிந்து பையன் பள்ளிக்கூடம் திரும்பிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் கயலின் பதிவைப் படித்தேன். முதல் இரண்டு வாக்கியத்திலேயே எனக்கு எல்லாம் போய்விட்டது.

பேத்திக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நேற்று ராத்திரி, "தாத்தா, அந்தப் பொட்டலத்துல என்ன இருக்கு? ஏன் பிரிக்க மாட்டேங்கறான்?" என்று கேட்டாள். மாத்திரை போட மறந்துவிட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.